வரத்தைத் தொலைத்த இராட்சசன்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டில் நம்மூர் ஆள் ஒருவன் ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறான். புலித்தலை, பட்டு அங்கி, உள்ளங்கை புறம் திரும்பிய கைகள். பெயர் இராட்சசன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'மான்ஸ்டர் மேனுவல்' இவனுக்குப் பெரிய சலுகை ஒன்றைக் கொடுத்திருக்கிறது. 6ஆம் நிலை வரையிலான எந்த மந்திரமும், அவனாக இடம் கொடுத்தாலொழிய, அவனிடம் பலிக்காது.

விளையாட்டை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் வீரனாக, திருடனாக, மந்திரவாதியாகப் பேசி ஆடுவார்கள். சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். மந்திரங்களுக்கு வலிமைப்படி நிலை உண்டு; அவற்றை ஏவுகிறவருக்கும் தனியாக ஒரு நிலை உண்டு. அச்சிட்ட விதி ஒத்துவராவிட்டால் அந்தந்த மேஜைக்காரர்கள் தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதுதான் ஹவுஸ் ரூல். வாலாஜாபாத்தில் நாங்கள் ஆடும்போது சண்டை மூள்வது பெரும்பாலும் இராட்சசனின் இந்தச் சலுகையில்தான். மணிக்கணக்காகக் காத்திருந்து ஒரு மந்திரத்தை ஏவுகிறவனிடம் 'பலிக்கவில்லை' என்று சொன்னால், ஏன் என்று கேட்கத்தான் செய்வான். புத்தகத்தில் காரணம் கிடையாது. நம் கதைகளில் இப்படிப்பட்ட பாதுகாப்பு யாருக்கும் சும்மா வாய்ப்பதில்லை. தவம் செய்து வாங்கிய வரமாக இருக்கும். இவனுக்கு அந்த வரத்தைக் கொடுத்தது யார்? அதைத் தேடித்தான் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

2003 பதிப்பில் அவனுடைய பாதுகாப்பு 27 என்ற ஓர் எண். மந்திரவாதி இருபது முகப் பகடையை உருட்டி, தன் நிலையையும் கூட்டி, அந்த எண்ணை எட்ட வேண்டும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் எண் இல்லை; 8ஆம் நிலை வரை எதுவும் பலிக்காது, அவ்வளவுதான். அதோடு ஒரு விசித்திரமான விலக்கு: ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் அந்த நொடியே செத்துப்போவான். 2014 பதிப்பில் அம்பைக் காணோம். நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதத்தின் குத்து அவனை இரட்டிப்பாகத் தாக்கும் என்ற அளவில் அதன் நிழல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1977இன் முதல் 'மான்ஸ்டர் மேனுவல்' தான் எனக்கு வழி காட்டியது. அந்தப் புத்தகத்தில் மந்திரத் தடை என்பது சதவீதக் கணக்கு. பேய்களில் ஆறாம் வகைக்கு 75 சதவீதம். அந்தச் சதவீதம் 11ஆம் நிலை மந்திரவாதியை வைத்துப் போட்டது. ஏவுகிறவர் அதற்கு மேலே ஒவ்வொரு நிலைக்கும் 5 குறையும், கீழே ஒவ்வொரு நிலைக்கும் 5 கூடும். 16ஆம் நிலைக்காரர் ஏவினால் 75 என்பது 50 ஆகிவிடும். இராட்சசனுடைய பக்கத்தில் அந்தக் கட்டத்தில் சதவீதமே இல்லை. கீழே பார்க்கவும் என்றிருக்கிறது. கீழே பார்த்தால் 8ஆம் நிலைக்குக் கீழ்ப்பட்ட மந்திரம் எதுவும் தீண்டாது என்ற விதியும், அதே குறுக்குவில் அம்பும். எண்ணுக்குள் அடங்காத ஏதோ ஒன்று வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இராட்சசன் முதலில் அச்சேறியது 1975 டிசம்பரில், இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் 'தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' இதழில். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1974 டிசம்பர் 20 அன்று, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. பெயர் 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்', எழுதியவர் ஜிம்மி சாங்ஸ்டர். சிகாகோவில் யூத முதியவர்கள் வாழும் பகுதியில் ஓர் இராட்சசன் மனிதர்களைத் தின்கிறான். யாரை நெருங்குகிறானோ அவர் மனதார நம்பும் ஒருவரின் உருவத்தில் வருவான். அவனைத் துரத்திவந்த இந்தியப் பெரியவர் காப்புக்காகச் சுவர்களில் ஸ்வஸ்திகா வரைகிறார். தெருக்காரர்களுக்கு அது நாஜிகளின் வேலையாகப் படுகிறது. கடைசியில் நிருபர் கோல்சாக் கையில் அவர் கொடுப்பது ஆசி பெற்ற அம்புகளோடு ஒரு குறுக்குவில்.

மனத்தைப் படித்து, நம்பியவரின் உருவில் வருவது விளையாட்டின் இராட்சசனுக்கும் உண்டு. இரண்டு இடத்திலும் அதே உருமாற்றம், அதே அம்பு, நடுவில் ஒரே ஆண்டு. விதியை எழுதியவர்களுக்கு வால்மீகியை விடத் தொலைக்காட்சிப் பெட்டிதான் பக்கத்தில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பது நிமிடக் கதையிலிருந்து ஐம்பது ஆண்டு நிற்கும் பகைவனை உருவாக்கியது பெரிய திறமை. ஆனால் அந்தப் பயணத்தில் வரம் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அது எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியும். நம்பியவரின் உருவில் வரும் வேலையைக் கம்பர் யுத்த காண்டத்து மாயாசனகப் படலத்தில் வைத்திருக்கிறார்: மருத்தன் என்ற அரக்கன் சனகனாகவே வந்து, பெற்ற தகப்பன் போலச் சீதையிடம் பேசுகிறான். அதே காண்டத்தில் இரணியன் வதைப் படலம். இராவணனின் மந்திராலோசனையில் வீடணன் எழுந்து இரணியன் கதையைச் சொல்கிறான். மனிதனாலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை என்று வாங்கிவந்தவன் அந்திப் பொழுதில் வாசற்படியில் நகத்தால் கிழிபட்ட கதை. இதை யாரிடம் சொல்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தேவர், அசுரர், யட்சர், நாகர் என்று பட்டியல் போட்டு வரம் வாங்கிய இராவணன், மனிதரைப் புல்லாக நினைத்து விட்டுவிட்டவன். ஓட்டை விழுந்த இடமும் அவன் ஏளனம் செய்த இடமும் ஒன்று.

பாரதத்தில் துரியோதனனுக்கும் இதே கதி. காந்தாரியின் பார்வை பட்டு உடலெல்லாம் வைரமாகி, மறைத்துக்கொண்ட இடம் மட்டும் சதையாகவே நின்றுவிட்டது என்பது ஊரில் சொல்லும் கதை. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாவின் படுகளத்தன்று அதைக் கண்ணால் பார்க்கலாம். மைதானத்தில் மண்ணால் துரியோதனனின் பெரும் உருவம் மல்லாந்து கிடக்கும். முறுக்கிய மீசை, விழித்த கண். கூத்துக்குக் கட்டை கட்டிய வீமனும் துரியோதனனும் அதன்மேலேயே ஏறி இறங்கி ஓடுவார்கள். மார்பில் அடித்துப் பயனில்லை. தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த குடத்திலிருந்து செந்நீர் வரும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டம் அந்த மண்ணை வீட்டுக்கு அள்ளிப்போகும். வீமனுக்கு எந்த இடம் என்பதை யாராவது சைகை காட்டியாக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பலம் போதாது; தகவல் வேண்டும்.

இதையெல்லாம் வைத்து எங்கள் மேஜைக்கு ஒரு விதி எழுதினோம். டன்ஜன் மாஸ்டர் இராட்சசனின் வரத்தை ஒரே வாக்கியமாக, நான்கு காப்புக்கு மிகாமல், சீட்டில் எழுதி ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு சொம்பில் போட்டுவிட வேண்டும். பிறகு ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. எழுதிப் போட்டுப் பிறகு எடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகள் அப்படித்தான் இருக்கின்றன. யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்பதையும், கணக்குக் காட்டாதவன் தொடங்கி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் எழுதியதை 921இல் திருத்தியிருக்கிறார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த தகுதி வயது 35 முதல் 70 வரை என்றானது. ஆட்டத்துக்கு நடுவில் மாற்றுவது வேறு, ஆடி முடித்துத் திருத்துவது வேறு. நாங்களும் திருத்தினோம்.

வரத்துக்குள் அடங்கும் மந்திரம் 9ஆம் நிலையானாலும் பலிக்காது, பகடைக்கு வேலையில்லை. அடங்காதது 1ஆம் நிலையானாலும் முழுதாகப் பலிக்கும். மந்திரம் ஒன்று தோற்றால் வரத்திலிருந்து ஒரு சொல்லை டன்ஜன் மாஸ்டர் உரக்கச் சொல்ல வேண்டும். அதனால் தோற்றவனுக்கும் கையில் ஏதோ மிஞ்சும். திருத்தத்தில் சேர்த்தது இது: வரத்தில் விட்டுப்போனது அந்த இராட்சசன் இளக்காரமாக நினைக்கும் பொருளாக இருக்க வேண்டும், அந்த இளக்காரத்தை அவன் ஆட்டத்தில் ஒருமுறையாவது வாய்விட்டுக் காட்ட வேண்டும்.

அண்மையில் ஆடியபோது நெருப்பு, மின்னல், இரும்பு, நஞ்சு என்று நாலுக்கும் காப்பு வாங்கியவன் வந்தான். நெருப்புக் கோளம் வீணாயிற்று, மின்னல் வீணாயிற்று, இரண்டு சொற்கள் கிடைத்தன. விருந்தில் அவன் சொன்ன ஒரு வார்த்தையை மந்திரவாதியாக ஆடிய பெண் குறித்து வைத்திருந்தாள்: கற்றுக்குட்டிகள் எய்யும் மேஜிக் மிசைலைப் பிள்ளை விளையாட்டு என்றிருந்தான். 1ஆம் நிலை மந்திரம். 2014 பதிப்பின் விதிப்படி அவன் மேல் ஒரு கீறலும் விழுந்திருக்காது. அதையே ஏவினாள். அதன் மூன்று மந்திர அம்பும் பாய்ந்தன.