அது கிழிசல் இல்லைங்க

பழைய கப்பல் தபால் சேகரிக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. மத்தவங்களும் வரலாம், விஷயம் மருத்துவம்தான். #இழை

என்கிட்ட ஒரு கடிதம் இருக்கு. 1830களின் கடைசியில் பம்பாயிலிருந்து லண்டன் போனது. நடுவில் இரண்டு கீறல், ஓரமெல்லாம் பழுப்புக் கறை. விற்றவர் "டேமேஜ் பீஸ் சார், பாதி விலை போதும்"னு கொடுத்துட்டார். நானும் வாயைத் திறக்கலை!

அந்தக் கீறல் வேணும்னே போட்டது.

அப்போ சூயஸ் கால்வாய் கிடையாது, அது 1869ல்தான் வருது. பம்பாயிலிருந்து நீராவிக் கப்பலில் சூயஸ் வரை, பிறகு நிலவழியே அலெக்சாண்டிரியா, மறுபடி கப்பல், வழியில் மால்டா. 1830ல் 'ஹியூ லிண்ட்சே' கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்குப் போய்க் காட்டியது. தாமஸ் வாக்ஹார்ன் என்ற மனிதர் இந்த வழிக்காகவே மல்லுக்கட்டினார். அவர் முத்திரை விழுந்த கடிதத்துக்கு இன்னைக்குத் தனி மவுசு.

சிக்கல் எகிப்தில். 1835ல் அங்கே கடுமையான பிளேக். அங்கிருந்து வரும் கப்பலை மால்டாவில் நிறுத்தி வைப்பாங்க. ஆளுக்கு மட்டுமா குவாரன்டைன்? பஞ்சு, கம்பளி, காகிதத்தில் நோய் ஒட்டிக்கொள்ளும், மரத்திலும் உலோகத்திலும் ஒட்டாது என்பது அன்றைய நம்பிக்கை. அதனால கடிதமும் நோயாளிதான்.

இடுக்கியால் எடுத்து, உளியாலோ கத்தியாலோ கீறி, கந்தகப் புகை காட்டுவாங்க. சில இடங்களில் காடியில் நனைப்பதும் உண்டு. கீறல் எதுக்கு? புகை உள்ளே போகணும்ல. முடிந்ததும் 'மால்டா லாசரெட்டோவில் சுத்திகரிக்கப்பட்டது' என்று பிரெஞ்சில் முத்திரை. கிட்டத்தட்ட டிஸ்சார்ஜ் சம்மரி.

சந்தேகம் இருந்தா, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மெதுவா மடிச்சுப் பாருங்க. சீல் வச்ச பிறகு கீறியது என்பதால் எல்லா மடிப்பிலும் வெட்டு ஒரே நேரா விழும். சும்மா கிழிஞ்சது அப்படி விழாது. தயவுசெய்து டேப் மட்டும் ஒட்டிடாதீங்க, கறையையும் கழுவாதீங்க. கறைதான் சாட்சி.

சரி, பலன் இருந்ததா? பிளேக்குக்கு இல்லை. 1894ல் ஹாங்காங்கில் யெர்சின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898ல் கராச்சியில் சிமோன் எலித் தெள்ளுதான் பரப்புதுன்னு காட்டினார். கடிதம் நிரபராதி. இதையெல்லாம் 'டிஸின்ஃபெக்டட் மெயில்' என்று 1962ல் புத்தகமா போட்ட கார்ல் மேயர், பிளேக் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி!

சிரிக்காதீங்க. 2020ல் வீட்டுக்கு வந்த பேப்பரை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் படித்த டாக்டர் நான். 2001 ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்குப் பிறகு அமெரிக்க அரசுத் தபாலுக்குக் கதிர்வீச்சே கொடுத்தாங்க. அங்கே பயத்தில் நியாயம் இருந்தது.

என் கடிதம் ஒரு அப்பா மகளுக்கு எழுதியது. ஒரு கீறல் சரியா ஒரு பெயர் மேல விழுந்திருக்கு. லென்ஸ் வச்சும் முதல் எழுத்துக்கு மேல படிக்க முடியலை.