ஜீப்பின் முன் அக்ஸலும் நமது மேட்டுப் பாதைகளும்



நமது கரவனெல்லயிலிருந்து பெரிய பாதைகள் மூன்று பக்கம் போகின்றன. ஒன்று அவிசாவளைக்கு, ஒன்று யட்டியந்தோட்டை, கித்துல்கல ஊடாக ஹட்டனுக்கு, மற்றொன்று புலத்கொஹுபிட்டிய ஊடாக கேகாலைக்கு. இந்த மூன்றிலும் பஸ் ஓடுகிறது. ஆனால் அவற்றிலிருந்து பிரிந்து இறப்பர் மலைக்கும் தேயிலை மலைக்கும் ஏறும் கல்லுப் பாதைகளில் மழை நாளில் த்ரீ வீல்கூட பாதியில் நின்றுவிடும். லயத்தில் ஒரு தாய்க்கு வலி கண்டாலும், மேட்டு வீட்டில் ஒருவர் மௌத்தானாலும் நாம் தேடுவது பழைய ஃபோர் வீல் ஜீப்பைத்தான். அந்த ஜீப்பை ஜீப்பாக்குவது அதன் முன் அக்ஸல். அதன் கதை நமது பள்ளத்தாக்கின் கதையோடு பின்னிக்கிடக்கிறது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்னப் பாடம். சாதாரண வாகனத்தில் பின் சில்லு தள்ளும், முன் சில்லு திரும்பும். ஃபோர் வீலில் முன் சில்லுக்கு இரண்டு வேலை. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அப்படியென்றால் அதைச் சுழற்றும் தண்டு, சுழன்றுகொண்டே வளைய வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த சிலுவை வடிவ ஜொயின்ட் இதைச் செய்யும். இன்று நாம் யூ ஜொயின்ட் என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். ஆனால் அது வளைந்து நிற்கும்போது ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 1920களில் பிரான்சில் கிரெகுவாரும் ஃபெனாயும் ‘ட்ராக்டா’ ஜொயின்டையும், அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரெப்பா குண்டுகள் வைத்த ஜொயின்டையும் கொண்டுவந்த பிறகுதான் முன் சில்லைச் சீராக இழுக்கவைக்கும் வழி பிறந்தது.

அந்த வழியைப் பெருமளவில் பயன்படுத்தியது இரண்டாம் உலக யுத்தம். 1940இல் அமெரிக்க இராணுவம் சிறிய ஃபோர் வீல் வாகனம் ஒன்றைக் கேட்டது. பான்டம் கம்பனி முதல் மாதிரியைக் கொடுத்தது. வில்லிஸும் ஃபோர்டும் யுத்தம் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின.

அந்த யுத்தம் நமது ஊரையும் தொட்டது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. அதன்பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முக்கிய நாடாக இலங்கை மாறியது. களனிப் பள்ளத்தாக்கின் மரங்களில் வடிந்த பாலுக்குத் திடீரென்று உலகப் பெறுமதி வந்தது. டயர் இல்லாமல் இராணுவம் நகராது அல்லவா? மரம் தாங்காத அளவுக்குப் பால் வெட்டச் சொன்ன காலம் அது. அதே 1942இல்தான் அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட ஊடாக யட்டியந்தோட்டை வரை 1903 முதல் ஓடிய சின்ன ரயில் பாதையும் மூடப்பட்டது. ரயில் போனதும் இந்தப் பக்கத்தின் சுமை முழுவதும் டயரின் மேல் வந்தது. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது.

யுத்தம் முடிந்ததும் படைகளின் ஜீப்கள் ஆசியா எங்கும் பொதுமக்கள் கைக்கு வந்தன. மணிலாவில் அவை ஜீப்னி என்ற பஸ்ஸாயின. இந்தியாவில் 1945இல் ‘மஹிந்திரா அண்ட் மொஹம்மட்’ என்ற பெயரில் ஒரு கம்பனி தொடங்கியது. அதில் ‘மொஹம்மட்’ என்பது குலாம் முஹம்மத். பிரிவினையில் அவர் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் ஆளுநர் நாயகமாகவும் இருந்தார். கம்பனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ என்று பெயர் மாறி, வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்றது. இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிய பழைய இராணுவ ஜீப்பைப் பார்த்து யோசித்ததன் விளைவுதான் லேண்ட் ரோவர். அது 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் மிட்சுபிஷி 1953இல் வில்லிஸின் அனுமதியோடு ஜீப் செய்யத் தொடங்கி 1998 வரை செய்தது. துரைமாரின் லேண்ட் ரோவர், கந்தோர்களின் மிட்சுபிஷி என்று நாம் சின்ன வயதில் பார்த்தவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசிடம் போயின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கதவும் ஏறக்குறைய மூடியே கிடந்தது. ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்காது. அப்போதுதான் நமது பாஸ்மாரின் கைத்திறன் முழுதாக வெளிப்பட்டது. ‘பாஸ்’ என்பது டச்சுக்காரர் விட்டுப்போன சொல். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவருக்கும் பொதுவான மரியாதை அது. தேய்ந்த புஷ்ஷை எறியாமல் லேத்தில் புதிதாகக் கடைந்தார்கள். பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய பெயாரிங்குக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரி வரை சாதாரண மக்களுக்கு அந்தக் கதவு திறக்காதபோது, நம்மைத் தாங்கியதும் இதே கைத்திறன்தான்.

சரி, வீட்டு முற்றத்தில் ஒரு முன் அக்ஸலைப் புதுப்பிப்பது என்றால் என்ன?

பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை உயர்த்தி, சேஸிக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போவது உயிரோடு விளையாடுவது. பிறகு சில்லு, பிரேக் டிரம், ஹப், ஸ்டப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் உள்ளே ஓடும் தண்டு ஜொயின்டோடு வெளியே வரும். கடைசியில் கிங் பின்னும், பந்து போன்ற அந்த உருண்டை வீடும்.

நோய் பெரும்பாலும் அந்தப் பந்தில்தான் தொடங்கும். அதன் மேற்பரப்பு துருப்பிடித்துக் குழி விழுந்தால் ஒயில் சீலை அறுத்துவிடும். ஒயில் வெளியே போகும், சேறும் தண்ணீரும் உள்ளே வரும், பெயாரிங் செத்துப்போகும். சில்லின் உள்பக்கம் கறுப்புக் கூழ் வழிந்தால் அதுதான் அடையாளம். பந்தைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடியும் ஒழுகும்.

அடுத்தது ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள். கிங் பின் மூடிக்கு அடியில் அவற்றைக் குறைத்தால் பிடி இறுகும், கூட்டினால் தளரும். இறுக்கம் சரியா என்று பார்க்க நமது பாடசாலை விஞ்ஞானகூடத்தில் இருக்கும் விற்றராசு போன்ற ஒன்று போதும். சீலையும் ஸ்டியரிங் தண்டையும் பொருத்துமுன், ஸ்டியரிங் கையில் கொளுவி இழுத்து, திரும்பத் தேவைப்படும் விசையை மெனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். தளர்ந்திருந்தால் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் உதறத் தொடங்கும். இறுகியிருந்தால் வளைவு முடிந்த பிறகும் நேராகத் திரும்பி வராது. நமது வளைவுகளில் இரண்டுமே பள்ளத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை. இந்த அக்ஸலில்தான் ஸ்டியரிங்கும் இருக்கிறது, பிரேக்கும் இருக்கிறது. அதனால் வேலை முடிந்ததும் அனுபவமுள்ள ஒரு பாஸின் கண்ணில் படாமல் ஆளை ஏற்றக்கூடாது.

கவனித்தீர்களா? இதில் மூடிய பெட்டி எதுவும் இல்லை. ஆரம்பகால லேண்ட் ரோவரில் இருந்த ட்ராக்டா ஜொயின்டை பின்னர் கைவிட்டு, சாதாரண ஹூக் ஜொயின்டுக்கே அவர்கள் திரும்பினார்கள். சீராகச் சுழலாது என்ற குறை உண்டு. ஆனால் முன் சில்லு இழுப்பது தேவையான இடத்தில் மட்டும்தான் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் சிலுவையை முற்றத்தில் வைத்தே மாற்றவும் முடியும். கழற்றிப் பூட்டக்கூடியபடி செய்ததால்தான் இவை இன்னும் ஓடுகின்றன. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சாங்கில் 1950களின் லேண்ட் ரோவர்கள் 3,636 மீற்றர் உயரமான சந்தக்ஃபூவுக்கு இன்றும் ஆள் ஏற்றுகின்றன. அதுவும் தேயிலை நாடு. அங்கேயும் கம்பனி அல்ல, ஊர்க் கைகள்தான் அவற்றைக் காப்பாற்றின.

நமக்குக் கவலை வாகனத்தைப் பற்றியது மட்டுமல்ல. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து நின்ற பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். எந்த ஷிம்மை எந்தப் பக்கம் போடுவது என்பது அந்தப் பாஸ்மாரின் விரலில்தான் இருக்கிறது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த விரல்கள் மண்ணுக்குப் போனால், மேட்டு லயத்திலிருந்து நோயாளியை இறக்க வாகனம் இருந்தும் இல்லாத நிலை வந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை விடுமுறையில் ஒரு பாஸிடம் அனுப்புங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஃபோனில் படம் எடுத்து, வரிசையாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். மதம், மொழி பார்க்காமல் கேட்டுப் படிக்கட்டும். இந்தத் தொழிலில் மூன்று சமூகமும் எப்போதும் ஒரே ஒயில் கையோடுதான் இருந்திருக்கிறது. மேட்டுக்கு ஓடும் ஜீப் வைத்திருப்பவர்களே, அடுத்த பெருமழைக்கு முன் உங்கள் முன் சில்லின் உள்பக்கத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

அல்லாஹ் நமது பாஸ்மாரின் கைகளில் பரக்கத் செய்வானாக.