காஸ்பிளே

காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி ஜப்பானியர் உண்டாக்கிய சொல் இது. அவர்கள் நாவில் 'கோசுபுரே'. 1983-இல் 'மை அனிமே' இதழில் நோபுயுகி தகஹாஷி எழுதிய கட்டுரை வழியாக இது அச்சேறியது. மனம் கவர்ந்த கதைமாந்தரைப் போல உடுத்தி, அவராகவே நடமாடுவது என்று பொருள்.

சொல்லைவிடப் பழக்கம் மூத்தது.

1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ் எதிர்கால மனிதர்களின் உடைகளைத் தைத்தார். தானும் அணிந்து, நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மேனுக்கும் அணிவித்தார். அக்கர்மேன் பெயர் நிலைத்த அளவுக்கு, தைத்தவரின் பெயர் நிலைக்காதது அநியாயம்தான்.

ரசிகர் விழாக்களை நடத்துவோருக்கு இப்பழக்கம் தனி வேலைகளையே கொண்டுவந்தது. டோக்கியோவின் காமிக்ஸ் விழாவான காமிக்கெட்டுக்கு வேடமிட்டபடி வரக்கூடாது; அரங்கிலுள்ள அறையில்தான் உடை மாற்ற வேண்டும். பல விழாக்களில் பொம்மை வாள், துப்பாக்கிகளை வாசலிலேயே சோதிக்கிறார்கள். 2014-இல் நியூயார்க் காமிக் கான் விழா, 'காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல' என்று பெரிய பலகைகளை வைத்தது. வேடமணிந்தவரைத் தொடுவதற்கும் படமெடுப்பதற்கும் முன்னதாக அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது அதன் விதி.