அயோத்திதாஸ பண்டிதரின் பத்திரிகை ஏடுகளும் நமது கடமையும்

ஒரு சமூகத்தின் சரித்திரம் கல்லிலும் செம்பிலும் மாத்திரமே எழுதப்பட்டுள்ளது என்று கருதுவார் பலர். வாரந்தோறும் அச்சேறி, படித்த மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்ச் சேரும் மலிவான காகிதத்திலும் அது எழுதப்பட்டே வருகின்றது. கல்வெட்டைக் காப்பதற்குக் கோயில் உண்டு. செப்பேட்டைக் காப்பதற்கு மடம் உண்டு. காகிதத்தைக் காப்பார் யார்? இவ்வினாவை நம் சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் சிந்தித்தல் வேண்டும் என்னும் கருத்தினால், க. அயோத்திதாஸ பண்டிதர் என்னும் பத்திரிகாசிரியரின் எழுத்துக்கள் நம் காலம் வரை வந்து சேர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாஸ கவிராஜ பண்டிதரிடத்துக் கொண்ட அன்பினால் ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர். தமிழ் இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்றவர். சித்த வைத்தியத்தில் வல்லவர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த மக்களிடையே தோன்றிய இவர், அம்மக்களின் குறைகளை அரசாங்கத்தாரும் காங்கிரஸ் மகாசபையாரும் அறியும் பொருட்டு, 1891-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பள்ளிக்கூடம், உத்தியோகம், பொதுக் கிணறு முதலியவை குறித்து 10 தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. 1898-இல் கர்னல் ஆல்காட் என்பாருடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஸ்தாபித்தார்.

பத்திரிகைத் தொழிலில் இவர் புகுந்தது 1885-இல். பாதிரியார் ஜான் ரத்தினம் என்பாருடன் சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். பின்னர் 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் தேதி, புதன்கிழமையன்று, ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பக்கம் நான்கு; விலை ஒரு பைசா. அக்காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆகவே வாரந்தவறாமல் 52 இதழ்கள் வாங்குவோனுக்கு வருஷச் செலவு 13 அணாவே ஆகும். ஏழையும் வாங்கிப் படிக்கட்டும் என்னும் எண்ணம் அப்பெயரிலேயே விளங்குகின்றது. 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி முதல் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கிற்று. ஆயினும் படிப்பவர் எல்லை விரிந்தது. கோலார் தங்கவயலிலும், பர்மாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கச் சென்ற தமிழர் கையிலும் அந்த நான்கு பக்கத் தாள் தவழ்ந்தது.

அப்பத்திரிகையின் வாயிலாகவே அவர் சரித்திரம் எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்பது அதில் தொடராக வெளிவந்தது. இத்தேசத்தின் பூர்வ மதம் பௌத்தம் என்பதும், இழிந்தோர் என இன்று தள்ளப்பட்டவரே அம்மதத்தைக் கைவிடாது நின்ற பூர்வகுடிகள் என்பதும் அவரது கொள்கை. அதனை நிலைநாட்ட அவர் தேடிய சான்றுகள் பழைய நூல்களும், ஏட்டுச் சுவடிகளும், ஊர் வழக்குகளும், பண்டிகைகளுமாம். தீபாவளியானது எள்ளிலிருந்து நெய் வடிக்கும் முறை கண்டறிந்ததைக் கொண்டாடிய நாள் என்று அவர் உரைத்ததை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம். தம் பாட்டனார் கந்தப்பன் என்பார், ஹாரிங்டன் துரையிடம் வேலை பார்த்த காலத்தில், திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்த செய்தியையும் அவரே எழுதியுள்ளார். வீட்டுக்குள் வழங்கிய அச்செய்தி, பத்திரிகையில் ஏறியமையால் அன்றோ நம் செவிக்கு எட்டிற்று!

அவர் கூறிய பதப்பொருள்களையும் கால முறைமையையும் இன்றைய ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஒப்புக்கொள்வாரல்லர். பௌத்தம் தமிழகத்தில் ஓங்கியிருந்தமை மறுக்கலாகாத உண்மை. பண்டிகைகளுக்கு அவர் உரைத்த உற்பத்தியோ வேறு சான்று வேண்டி நிற்பது. எனினும், தம்மைப்பற்றிப் பிறர் எழுதியதைக் கேட்டு வாளா இருந்த மக்கள், தம் சரித்திரத்தைத் தாமே எழுதத் துணிந்தமைக்கு அவ்வேடுகள் சாட்சியாகும். அச்சாட்சியின் மதிப்பு சிறிதும் குறைவதன்று.

நிற்க. 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி பண்டிதர் காலமானார். திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை முற்றுப்பெறாமல் நின்றது. குமாரர் பட்டாபிராமன் சிறிது காலம் ‘தமிழ’னை நடத்தினார். பின்னர் 1926 முதல் சில ஆண்டுகள் அப்பாதுரையார் அதனைக் கோலார் தங்கவயலிலிருந்து வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் பண்டிதரின் பெயர் கற்றவர் சபைகளிலும் அரிதாகவே கேட்கப்பட்டது. அவ்வாறிருக்க, அன்பு பொன்னோவியம் என்னும் அறிஞர் பழைய ‘தமிழன்’ இதழ்களைத் தேடித் தொகுத்துப் பொக்கிஷம்போற் பாதுகாத்து வந்தார். அவ்விதழ்களை ஆதாரமாகக் கொண்டு, ஞான. அலாய்சியஸ் என்பார் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் இரண்டு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது; மூன்றாம் தொகுதி 2003-இல் வந்தது. வெளியிட்டவர் யாரென்று நினைக்கின்றீர்கள்? பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியைச் சார்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தாரே! சங்கரன்கோவிலிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீளக்கூடிய தூரத்திலன்றோ இந்நற்காரியம் நிகழ்ந்தது!

தொகுதிகள் வந்தன, தூக்கம் கலைந்தது. ஆராய்ச்சி நூல்கள் எழுந்தன. 2005-இல் இந்திய அரசாங்கத்தார் பண்டிதர் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியிட்டனர். 2023-இல் சென்னைக் கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. ஒரு பைசாத் தாளை ஒருவர் எறிந்துவிடாமல் வைத்திருந்ததன் பலன் இத்துணை!

எல்லாப் பத்திரிகைக்கும் இப்பாக்கியம் வாய்த்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய இதழ்கள் 1869-இல் தோன்றிய ‘சூரியோதயம்’ தொடங்கிப் பலவாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரையே தலைப்பாகச் சூட்டிப் பத்திரிகை நடத்தினார். இவ்வாறு தோன்றியவற்றுள் பல இன்று பெயரளவிலேயே நிற்கின்றன. எழுதிய கைகளும் கோத்த எழுத்துக்களும் பட்ட பாடு காற்றோடு போயிற்று.

“பண்டிதர் நம் மரபினர் அல்லரே, அவர் சரித்திரம் நம் சங்க வெளியீட்டுக்கு எற்றுக்கு?” என்று சிலர் வினவக்கூடும். அன்பர்காள்! நம் முன்னோர் பெருமையை மட்டும் நாமே சொல்லி நாமே கேட்டு மகிழ்வது சரித்திரமாகாது. ஒரே ஊரில், ஒரே குளத்தங்கரையில் வாழ்ந்த மற்றவர் நம்மைப்பற்றி என்ன எழுதினர், நம் கிணற்றில் யார் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டனர் என்பதும் நம் சரித்திரமே. நம்மைப் புகழும் ஏட்டை வைத்துக்கொண்டு, குறை கூறும் ஏட்டைக் கிழித்தெறிவோமாயின், நம் பேரப்பிள்ளைகள் பாதிக் கதையையே அறிவார்கள். சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் நிற்கக் கண்டு வணங்கும் ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி நாம் செய்யத்தக்கது யாது? கோட்டையூர் ரோஜா முத்தையா என்பார் அரசரும் அல்லர், பேராசிரியரும் அல்லர்; பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் தனியொருவராய்ச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் மறைந்த பின்பு, சென்னையில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அஸ்திவாரமாயின. அத்துணை நம்மால் ஆகாதெனினும், வீட்டுப் பரணில் உள்ளதைக் காத்தல் ஆகும். நம் சங்கத்தின் பழைய வெளியீடுகள், கூட்ட அழைப்புகள், வரவு செலவுக் குறிப்புகள், தறிக் கணக்கு நோட்டுகள், கலியாணப் பத்திரிகைகள், அக்கரைச் சீமையிலிருந்து வந்த கடிதங்கள் ஆகிய யாவும் சரித்திர சாதனங்களே.

புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொள்ளும் க்ஷேத்திரம் நம்முடையது. எனினும் புற்றெழுப்பும் கரையான் பெட்டிக்குள் புகுந்தால் அது பிரசாதம் தருவதில்லை. ஆதலின் ஏடுகளைத் தரையிலும் ஈரச் சுவரோரத்திலும் வையாமல், உயர்ந்த அலமாரியில் வைத்து ஆண்டுக்கிருமுறையேனும் பார்வையிடுக. கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். நாளடைவில் அது தாளையே அரிக்கும். இன்ன ஆண்டு, இன்னாரிடமிருந்து கிடைத்தது என்று உறையின்மேல் பென்சிலால் குறித்திடுக. வீட்டுப் பிள்ளைகள் கையிலுள்ள போனால் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பித்து, ஒரு பிரதியைச் சங்கத்துக்கு உதவுக. வயதான பாட்டிமாரும் தாத்தாமாரும் சொல்லும் செய்திகளை, கந்தப்பனார் கதையைப் பேரர் எழுதிவைத்ததுபோல, இப்பொழுதே எழுதிக்கொள்க. நாளை என்பது நிச்சயமில்லை.

அடுத்த முறை பழைய பேப்பர்க்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது, கட்டை அவிழ்த்து ஒருமுறை பார்த்த பின்பே தராசில் வைப்பீர்களாக என்று எம் சங்க அன்பர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கின்றோம்.