குழந்தைகளின் குடல்தாங்கி நீர்க்கட்டி

சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கும் சவ்வு குடல்தாங்கி. அதன் இரு மடிப்புகளுக்கு நடுவே நீர் சேர்ந்து உருவாகும் பையே இந்நோய். நிணநீர் நாளங்கள் சில, கருவிலேயே வடிகாலோடு சேராமல் தனித்துப்போவதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். புற்றுநோயாக இருப்பது மிக அரிது. மருத்துவமனையில் சேரும் ஏறத்தாழ 20,000 குழந்தைகளில் ஒருவரிடமே இது தென்படுகிறது. 1507இல் பிளாரன்ஸ் மருத்துவர் பெனிவியேனி இதை முதலில் குறித்தார். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் தியோ அறுவையால் வெற்றிகரமாக அகற்றினார்.

பெரும்பாலும் வலியில்லாமல் வளர்வதால்தான் இது ஏமாற்றிவிடுகிறது. வயிறு பெருத்த பிள்ளைக்கு மாந்தம் என்று கைமருந்தும், பூச்சி என்று மாத்திரையும் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடும். கட்டி மிகப் பெரிதானால் வயிறு முழுவதும் நீர் கோத்ததுபோல் தோன்றும். வயிற்றுக் காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டதும் உண்டு. கைவைத்துப் பார்க்கையில் கட்டி இடவலமாக எளிதில் நகரும், மேல்கீழாக அவ்வளவாக நகராது. ஐயத்தைத் தீர்ப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்றில் நீர் கோத்திருந்தால் குடல் வளையங்கள் அந்நீரில் மிதக்கும். கட்டியானால் அவை ஒருபக்கம் ஒதுங்கிக் கிடக்கும், பைக்குள் மெல்லிய தடுப்புகளும் தெரியும். சினைப்பைக் கட்டி, பித்தநாளக் கட்டி, சிறுநீரக வீக்கம், நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டி ஆகியவற்றையும் விலக்கிப் பார்க்கவேண்டும்.

ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பது சிகிச்சை ஆகாது. நீர் மறுபடி சேரும். ஹைடாடிட் கட்டியாக இருந்துவிட்டால் கசியும் நீர் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். கட்டியை முழுமையாக அகற்றுவதே உரிய வழி. குடலின் ரத்தநாளங்களோடு ஒட்டியிருந்தால் அந்தக் குடல் துண்டையும் வெட்டி, இருமுனைகளையும் இணைப்பார்கள். குழந்தைகளுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. மேற்குடல் பகுதிக் கட்டிகளில் கொழுப்பு கலந்த பால்நிற நீரும், கீழ்ப்பகுதியில் தெளிந்த நீரும் இருப்பது வழக்கம். எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முழுமையாக நீக்கிய கட்டி திரும்ப வருவது அரிது.

கட்டியின் கனத்தால் குடல் முறுக்கிக்கொள்வதே பெரிய ஆபத்து. பச்சை வாந்தி, விடாத வலி, கல்லாக இறுகிய வயிறு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. உப்பிலியபுரம் வட்டாரத்துப் பெற்றோர் துறையூர் அரசு மருத்துவமனைக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ உடனே பிள்ளையைக் கொண்டுசெல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.