பத்தாங் காலியும் ஒப்பந்தத்தின் நாள் கணக்கும்

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் மாநகரில் கூடிய ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் சார்பாக வாக்களித்தன. 8 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. உயிர் வாழும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு என்று சாற்றிய அப்பிரகடனத்தை ஆதரித்த நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று. இரண்டு நாள் கழித்து அதே பிரிட்டனின் படைவீரர், மலாயாவில் பத்தாங் காலிக்கு அருகிலிருந்த சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதம் ஏதுமில்லாத சீனத் தொழிலாளர் 23 பேரைச் சுட்டுக் கொன்றனர். முந்திய நாள் மாலையே ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். ஆக இறந்தோர் 24 பேர்.

பாரிஸில் நடந்ததும் சிலாங்கூரில் நடந்ததும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயலே. ஆயினும் மனித உரிமை ஒப்பந்தங்கள் ஓர் அரசை எப்பொழுது, எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்னும் கேள்விக்கு இந்தத் தோட்டத்தைப் போல் விளக்கம் தருவது வேறொன்றில்லை. 67 ஆண்டுகளுக்குப் பின்னர் லண்டன் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஐவர் அமர்ந்து ஆராய்ந்த வினாக்களுள் முதன்மையானது, கொலை நடந்ததா என்பதன்று. எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது என்பதேயாகும்.

அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்த வேளை அது. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் சிறு ரோந்துப் பிரிவொன்று டிசம்பர் 11ஆம் நாள் அத்தோட்டத்துக் கொங்சி வீடுகளை அடைந்தது. மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் தனியே பிரித்து லாரியில் ஏற்றினர். ஆடவர் சுடப்பட்டனர், வீடுகள் கொளுத்தப்பட்டன. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பதே அரசாங்கம் கூறிய காரணம். மலாயாவின் தலைமைச் சட்ட அதிகாரி நடத்திய விசாரணையும் அவ்வாறே முடிந்தது. 1949 ஜனவரியில் அவசரகால விதிகளில் 27ஏ என்றொரு புதிய விதி சேர்க்கப்பட்டது. பிடிபட்டவர் தப்பியோடாமல் தடுக்க ஆயுதத்தால் சுடலாம் என்பதும், முன்னர் அவ்வாறு செய்தவர்க்கும் இவ்விதி காப்பாகும் என்பதும் அதன் சாரம். நடந்தது சட்டப்படியே நடந்தது என்றால், பின்னோக்கிச் செல்லும் விதிக்குத் தேவை என்ன என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

பாரிஸ் பிரகடனம் இவ்விடத்தில் உதவாது. அது பிரகடனமேயன்றி ஒப்பந்தமன்று. எந்த அரசையும் சட்டத்தால் கட்டும் ஆற்றல் அதற்கு அன்று இல்லை. கட்டும் ஆற்றலுடைய முதல் பெரும் மனித உரிமை ஒப்பந்தம் ஐரோப்பாவில் தோன்றியது. 1950 நவம்பர் 4ஆம் நாள் ரோமாபுரியில் அது கையெழுத்தானது. கையெழுத்திட்ட அன்றே ஓர் ஒப்பந்தம் உயிர் பெற்றுவிடுவதில்லை. ஒவ்வொரு நாடும் முறைப்படி உறுதி செய்து ஏற்றல் வேண்டும். குறித்த எண்ணிக்கையில் நாடுகள் ஏற்ற பின்னரே அது நடப்புக்கு வரும். ஐரோப்பிய ஒப்பந்தத்துக்குப் பத்து நாடுகள் தேவைப்பட்டன. 1951 மார்ச்சில் யாவர்க்கும் முன்னதாக ஏற்ற நாடு பிரிட்டன். பத்தாவது நாடு ஏற்றபின், 1953 செப்டம்பர் 3ஆம் நாள் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது.

அப்பொழுதும் அது மலாயாவை எட்டவில்லை. ஒப்பந்தத்தின் 63ஆம் பிரிவு, ஓர் அரசு எந்தெந்த நாடுகளின் வெளியுறவுக்குப் பொறுப்பு வகிக்கிறதோ அந்நாடுகளுக்கு, விரும்பினால், ஓர் அறிவிப்பின் வாயிலாக ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம் என்றது. ‘விரும்பினால்’ என்பதே அதன் உயிர்நாடி. லண்டனில் ஒருவனுக்குப் பிறப்பால் உள்ளதாகப் பேசப்பட்ட உரிமை, கிள்ளானில் வாழ்ந்தவனுக்கு ஒரு கடிதத்தின் வழியாக வர வேண்டியிருந்தது. மலாய் மாநிலங்கள் சட்டப்படி குடியேற்ற நாடுகள் அல்ல, சுல்தான்களின் பாதுகாப்பு நாடுகள்; ஆயினும் வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்தமையால் இச்சொற்றொடருக்குள் அவையும் அடங்கின.

1953 அக்டோபரில் பிரிட்டன் அக்கடிதத்தை அனுப்பிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெயர் அதில் இருந்தது. மலாயாக் கூட்டரசு, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ ஆகியவை அவற்றுள் சில. ஹாங்காங் அதில் இடம்பெறவில்லை. நீட்டிப்பதற்கு முன் ஆளுநர்களைக் கேட்டார்கள். ஆளப்பட்ட மக்களைக் கேட்கவில்லை.

கொடுத்த கை எடுக்கவும் அறிந்திருந்தது. நாட்டின் உயிருக்கே ஆபத்து நேரும் நெருக்கடியில், சில கடமைகளிலிருந்து விலகி நிற்கலாம் என்கிறது 15ஆம் பிரிவு. அக்கடிதம் சென்று ஏறத்தாழ ஏழு மாதத்தில், 1954 மே மாதத்தில், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அத்தகைய விலக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் அவசரகால விதிகள் ஒப்பந்தத்தோடு முட்டாமல் நிலைபெற்றமை இதனாலேயே. ஆயினும் விலக்கிலும் விலக்க இயலாத சில உண்டு என்பதை மறத்தலாகாது. சித்திரவதைத் தடையும், போர்ச் செயல் நீங்கலாக உயிர் உரிமையும் எந்த நெருக்கடியிலும் நிறுத்தத் தகாதவை. காகிதத்தில் அந்த அளவுக்கேனும் மலாயா மக்கள் காக்கப்பட்டனர்.

அக்காப்பை நாடிப் பெற வழி இருந்ததா? ஒப்பந்தம் இருவகை முறையீடுகளுக்கு இடம் வைத்தது. ஒன்று, உறுப்பு நாடு ஒன்று மற்றொன்றின்மீது முறையிடுவது. மற்றொன்று, பாதிக்கப்பட்டவன் தானே முறையிடுவது. இந்த இரண்டாம் வாயில் ஒவ்வோர் அரசும் தனியாக இசைந்தாலன்றித் திறவாது. பிரிட்டன் இசையவில்லை. குடியேற்ற நாடுகளிலிருந்து மனுக்கள் வந்து குவியுமே என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். எனவே மலாயாவில் ஒருவருக்கு அநீதி நேர்ந்தால், அவருக்காக வேறோர் ஐரோப்பிய அரசு முன்வர வேண்டும். சைப்ரஸ் தீவுக்கு அப்படியோர் அரசு வாய்த்தது. 1956இல் கிரேக்கம் பிரிட்டன்மீது முறையிட்டது; ஆணையத்தார் 1958இல் அத்தீவுக்கே சென்று பார்வையிட்டனர். நாடு நாட்டின்மீது தொடுத்த முதல் மனித உரிமை வழக்கு அதுவே. சைப்ரஸ் மக்களிற் பெரும்பாலோர் கிரேக்க இனத்தவர் ஆதலின் ஏதென்ஸுக்கு அதில் அக்கறை இருந்தது. பத்தாங் காலித் தொழிலாளர்க்கு ஐரோப்பாவில் அத்தகைய உறவு யார்?

1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. பிரிட்டனின் வெளியுறவுப் பொறுப்பு நீங்கவே, அதைப் பற்றிக்கொண்டிருந்த ஒப்பந்தமும் நீங்கிற்று. புதிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. அவற்றின் காவல் இனி உள்நாட்டு நீதிமன்றங்களைச் சார்ந்தது. ஆக, 1953 முதல் 1957 வரை ஒப்பந்தம் இம்மண்ணில் நடப்பில் இருந்த காலத்தில், மலாயாவாசி ஒருவர் அதன்கீழ் தாமே முறையிடக்கூடிய நாள் ஒன்றுகூட இருந்ததில்லை.

தனி மனிதர் முறையீட்டைப் பிரிட்டன் ஏற்றது 1966 ஜனவரி 14ஆம் நாள். இந்தத் தேதிதான் பிற்காலத்தில் வழக்கின் தலையெழுத்தானது.

1970இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் முன்னாள் வீரர் சிலரின் வாக்குமூலம் வெளிவந்தது. தப்பியோடியதாகச் சொன்னது பொய், கட்டளைப்படியே சுட்டோம் என்றனர். பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி விசாரணைக்கு வழி செய்தார். அவ்வாண்டு ஜூனில் ஆட்சி மாறிய பின் அது கைவிடப்பட்டது. 1990களில் மலேசியப் போலீஸ் மேற்கொண்ட விசாரணையும் முடிவு காணவில்லை. 2010இல் பகிரங்க விசாரணை நடத்த முடியாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் மறுத்துரைத்தது. இறந்தோரின் உறவினர் லண்டனில் வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் கோரியது தண்டனையன்று, விசாரணை. உயிர் உரிமை என்பது கொல்லாமையோடு நிற்பதன்று, கொலை நேர்ந்தால் அரசு ஆராய்ந்து உண்மை காண வேண்டிய கடமையும் அதில் அடங்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் ஒப்பந்தத்துக்கு முந்திய சாவுகளுக்கும் அக்கடமை செல்லுமா? சோவியத் போலீஸ் 1940இல் போலந்துக் கைதிகளைக் கொன்ற காட்டின் படுகொலை பற்றிய வழக்கில், 2013ஆம் ஆண்டு ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. சாவுக்கும் ஒப்பந்தத்தின் முக்கிய நாளுக்கும் இடைவெளி பத்தாண்டுக்கு மேற்படலாகாது. மனித குலத்தையே உலுக்கும் கொடுமையாயின் விதிவிலக்கு உண்டு. ஆனால் அவ்விலக்கும் 1950 நவம்பர் 4க்கு முந்திய நிகழ்ச்சிக்குச் செல்லாது.

இனிக் கணக்கு எளிது. முக்கிய நாள் 1953 எனக் கொண்டால், 1948 டிசம்பரிலிருந்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை, கடமை உண்டு. 1966 எனக் கொண்டால் 17 ஆண்டு கடந்துவிடுகிறது, கடமை இல்லை. உறவினர் தரப்பு 1953 என்றது. உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் 1966 என்று முடிவு செய்தது. மக்கள் முறையிடும் வாயிலைப் பிரிட்டன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்தது. அந்தத் தாமதமே பிரிட்டனுக்குக் கேடயமாயிற்று. நாள் கணக்கு முறையாகத்தான் போடப்பட்டது. நீதிபதிகளைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுள் ஒருவரான கெர் பிரபு, குற்றமற்றவர் கொல்லப்பட்டனர் என்ற பக்கமே சான்றுகள் பெரிதும் சாய்கின்றன என்று எழுதிவிட்டே, வழக்கைத் தள்ளும் முடிவுக்கு உடன்பட்டார்.

ஹேல் சீமாட்டி ஒருவரே மாறுபட்டார். ஒப்பந்தம் எட்டாவிட்டாலும் பொதுச் சட்டம் இருக்கிறது, விசாரணையை மறுத்த முடிவு நியாயமான ஓர் அமைச்சர் எடுக்கக்கூடியதன்று என்பது அவர் கருத்து. உறவினர் ஸ்ட்ராஸ்பர்க் சென்றனர். 2018இல் அந்நீதிமன்றமும் 1966ஆம் ஆண்டையே முக்கிய நாளாகக் கொண்டு, இம்மனு தன் காலவரம்புக்கு அப்பாற்பட்டது என்று தள்ளிவிட்டது.