ஊழியமும் ஊதியமும்: நாகர்கோவில் மிஷன் பெண்கள் விடுதிப் பள்ளி (1819 – 1855)

முன்னுரை

தென் திருவிதாங்கூரில் கிறித்தவ மிஷனரிகள் ஆற்றிய கல்விப்பணி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ரிங்கல்தௌபே, மீட், மால்ட் முதலிய ஆண்களின் பெயர்களைச் சுற்றியே அமைந்துள்ளன. பள்ளியை நாள்தோறும் நடத்திய பெண்களும் அங்குப் பயின்ற ஏழைச் சிறுமியரும் அவற்றில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றனர். நாகர்கோவில் பெண்கள் விடுதிப் பள்ளியில் யார் உழைத்தனர், அவ்வுழைப்புக்கு யார் விலை கொடுத்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘ஊழியம்’ என்னும் சொல்

அக்காலத் திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்பது அரசுக்கும் கோயில்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. நாடார் முதலிய சாதியார் இச்சுமையை நேரடியாகச் சுமந்தனர். புலையரும் பறையரும் பெருமளவில் அடிமைகளாகவே இருந்தனர். நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் அவர்கள் விற்கப்பட்டனர். கர்னல் ஜான் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் (1810 – 1819) கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது.

இதே சொல்லே தமிழ்க் கிறித்தவ வழக்கில் இறைபணியையும் குறிக்கிறது. ஒருவர்மீது சுமத்தப்பட்ட கூலியில்லா வேலையும் ஒருவர் தாமே விரும்பி ஏற்ற கூலியில்லா வேலையும் ஒரே பெயரால் வழங்கிய சூழலிலேதான் இப்பள்ளி தோன்றியது. ஆகவே, கூலி என்பது அங்கு வெறும் பொருளாதாரச் செய்தியாக நின்றுவிடவில்லை. உழைப்புக்குப் பணம் பெறுதல் ஒருவருடைய சமூக நிலையே மாறியதற்கு அடையாளமாயிற்று.

பெயரேட்டில் இடம்பெறாத பணியாளர்

1806ஆம் ஆண்டு திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணியைத் தொடங்கினார். அவர் விலகிய பின்னர் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலை மையமாக்கினார். 1819இன் இறுதியில் சார்லஸ் மால்ட், தம் மனைவி மார்த்தாவுடன் அங்கு வந்து சேர்ந்தார். மார்த்தா மால்ட், மீடின் மனைவி யொஹானா ஆகிய இருவரின் முயற்சியால் பெண்கல்வி அங்கு உருப்பெற்றது.

சங்கத்தின் நடைமுறைப்படி மிஷனரி என்னும் தகுதி கணவருக்கே உரியது. மனைவி கற்பித்தாலும் விடுதியை நடத்தினாலும் கணக்கெழுதினாலும் அவருக்குத் தனி நியமனமோ தனி ஊதியமோ இல்லை. தென் திருவிதாங்கூர் மிஷனரி மனைவியரை ஆராய்ந்த ஜேன் ஹேகிஸ், இவ்வுழைப்பு மிஷன் பணியின் இன்றியமையாப் பகுதியாக இருந்தும் ஆவணங்களில் மறைந்து நிற்பதைச் சுட்டியுள்ளார். மணமாகாத பெண்களை மிஷனரிகளாக அனுப்பும் முறையை இச்சங்கம் 1875ஆம் ஆண்டிலேயே ஒழுங்குபடுத்தியது. அதற்கு முந்தைய அரைநூற்றாண்டுக்கும் மேலாக மனைவியரின் ஊதியமற்ற பணியே பெண்கல்வியைத் தாங்கி நின்றது.

ரேந்தைப் பின்னல்

தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் தம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புவது எளிதாக இருக்கவில்லை. சிறுமியின் உழைப்பும் வீட்டு வருவாயின் ஒரு பகுதியே. ஆகவே உணவும் உடையும் உறைவிடமும் தந்தாலன்றிப் பெண்கள் பள்ளி நிலைபெற இயலாது. இங்கிலாந்து நன்கொடையாளர்கள் குறிப்பிட்ட சிறுமியரின் செலவை ஏற்றுக்கொண்டனர். அதற்கு ஈடாகத் தாம் விரும்பிய பெயரை அச்சிறுமிக்கு இடச் செய்வதும் வழக்கமாயிற்று. உதவி பெற்ற குழந்தை தன் பெயரை இழந்தது என்பதும் இவ்வறச்செயலின் ஒரு பக்கமாகும்.

மற்றொரு வருவாய் வழியை மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ரேந்தை வேலையை அவர் மாணவியருக்குக் கற்பித்தார். ஐரோப்பியரிடையே இப்பின்னல்கள் விலைபோயின. அவ்வருவாய் பள்ளியின் செலவுக்கு உதவியது. பின்னிய பெண்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அடிமைநிலையிலிருந்த சிறுமியர் சிலர் இவ்வாறு ஈட்டிய பணத்தால் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். 1847இல் மிஷனரிகள் அடிமைமுறைக்கு எதிராக மன்னருக்கு விண்ணப்பித்தனர். 1855இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அரசாணைக்கு முன்பே சில பெண்கள் தம் விரல்களின் உழைப்பால் அவ்விடுதலையைப் பெற்றிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

எனினும், இத்தொழிலை முழுமையான விடுதலையாக மட்டும் காண்பது பொருந்தாது. நூல், வடிவமைப்பு, சந்தை ஆகிய மூன்றும் மிஷன் இல்லத்தின் கையிலேயே இருந்தன. வாங்குவோரின் விருப்பம் மாறினால் வருவாய் குன்றும். மேலும், வீட்டுக்குள் அமைந்து செய்யும் தையல் வேலையே ‘நல்ல’ பெண்ணுக்கு உகந்தது என்னும் விக்டோரியக் காலக் கருத்தும் இதனுள் பொதிந்திருந்தது.

உடையும் உரிமையும்

இப்பள்ளியின் தாக்கம் வகுப்பறைக்கு அப்பாலும் சென்றது. மாணவியரும் சபைப் பெண்களும் அணிந்த குப்பாயம், சாதி வரம்பை மீறிய உடையாகக் கருதப்பட்டது. 1820களிலும் 1858 – 1859இலும் இதனால் கலவரங்கள் மூண்டன. பள்ளிகளும் சிற்றாலயங்களும் தாக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயத்தை ஏற்றபோதும் உயர்சாதியாரைப்போல் மேலாடை அணிவதைத் தடுத்தது. 1859ஆம் ஆண்டின் ஆணையே நாடார் பெண்கள் அனைவரும் மேலுடல் மறைக்கும் உரிமையை ஏற்றது. அதிலும் உயர்சாதியாரின் முறையில் அணியலாகாது என்னும் தடை நீடித்தது. போராட்டக் களத்தில் அடியையும் இழிவையும் தாங்கியவர்கள் உள்ளூர்ப் பெண்களே.

முடிவுரை

நாகர்கோவில் பெண்கள் பள்ளி மூவகை உழைப்பால் நின்றது: மிஷனரி மனைவியரின் ஊதியமற்ற பணி, தொலைநாட்டாரின் நன்கொடை, மாணவியரின் ரேந்தைப் பின்னல். முதலிரண்டும் தொண்டு என மிஷன் வரலாறுகளில் போற்றப்பட்டன; மூன்றாவது தொண்டின் பயனாக மட்டுமே எண்ணப்பட்டது. தம் கல்விக்குத் தாமே ஒரு பகுதி விலை கொடுத்தவர்கள் என்னும் நிலையில் அச்சிறுமியர் பள்ளியைத் தாங்கியோராகவும் கருதப்பட வேண்டும். மிஷன் அறிக்கைகளோடு கணக்கேடுகள், விற்பனைக் குறிப்புகள், சபைப் பதிவேடுகள், குடும்ப வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றையும் இணைத்து ஆராயும்போது, நன்கொடையாளர் இட்ட பெயர்களுக்குப் பின்னே மறைந்த அப்பெண்களின் வரலாறு துலங்க வழியுண்டு.